ஒல்லி பீரோ

என் மாமனாரும் அவருடைய தம்பியும் இருபது வருடங்களுக்குப் பிறகு பேசிக்கொண்டார்கள் என்ற செய்தியை ஆஸ்பத்திரியில் இவரிடம், என் வீட்டுக்காரரிடம், கொண்டுபோய்ச் சொன்னது நான்தான். குடல்வால் ஆபரேஷன் முடிந்து, ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தார். நல்ல செய்தியாயிற்றே, குலுங்கிச் சிரித்து வயிற்றுத் தையலைப் பிரித்துக்கொள்ளப் போகிறாரே என்று நிதானமாகத்தான் ஆரம்பித்தேன். மனுஷன் சிரிக்கவே இல்லை. டம்ளரைக் கீழே வைத்தார். முகம் செத்துப்போனது.

"என்ன பேசினாங்க?" என்றார்.

"லாரி வந்து நின்னுச்சாம். ஏத்தலாமான்னு கீழ போய்க் கேக்க ஆளில்ல. நீங்கதான் இங்க படுத்திருக்கீங்களே. மாமா பொறுத்துப் பாத்துட்டு அவரே இறங்கிப் போய், 'லாரி நிக்குது, ஏத்தலாமா'ன்னாராம். சின்ன மாமா 'ஏத்து'ன்னாராம். அவ்வளவுதான். அப்புறம் ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே டீ குடிச்சாங்களாம்."

"பழசு எதையாவது பேசினாங்களா?"

"எனக்கெப்படிங்க தெரியும், டீ ஆத்தினது நானா?"

தொழிற்சாலையில் அன்று இனிப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பெயின்ட் அடிக்கிறவர் கண் கலங்கினாராம். குடும்பமே குளிர்ந்துபோயிருக்கும் நேரத்தில் சம்பந்தப்பட்டவர்களின் ஒரே வாரிசு மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஏன் என்று எனக்குத் தெரியும். என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

எங்களுடையது பீரோ செய்கிற குடும்பம். இவருடைய தாத்தா ஒரே ஒரு தகடு வெட்டும் மெஷினோடு ஆரம்பித்தது. கீழே பெரிய ஷெட். வெட்டுவது, மடிப்பது, வெல்டிங், கடைசி மூலையில் பெயின்டைச் சுட்டெடுக்கும் அடுப்பு. மேலே ஆபீஸ், போன், பில், ஆர்டர் கொடுக்க வருகிறவர்களுக்கு ஒரு சோபா. மேலே அண்ணன், கீழே தம்பி, நடுவில் ஓர் இரும்புப் படிக்கட்டு. ஒருநாள் பெரிய ஆர்டரோடு ஒருவர் வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தபோது சின்ன மாமனார் கிரீஸ் கையோடு மேலே வந்திருக்கிறார். "இவரு யாரு?" என்று அந்த ஆள் கேட்க, மாமனார், "கீழ வேலை பாக்கறவரு" என்று சொல்லிவிட்டார். தம்பி என்று சொல்லவில்லை. சின்ன மாமனார் வந்த வேலையைக்கூடச் சொல்லாமல் இறங்கிப் போனார். அதோடு சரி. வாய் தவறிவிட்டது என்று மாமனார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சாயங்காலமே முடிந்திருக்கும். எல்லாச் சாமானும் நிறைந்த எங்கள் வீட்டில் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பஞ்சம்.

இவர் அப்போதுதான் படிப்பை முடித்துவிட்டு வந்திருந்தார். முதலாளி மகனாகப் பிறந்தவனுக்கு நாற்காலி கிடைக்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள். இவருக்குக் கிடைத்தது அந்தப் படிக்கட்டு. மேலே சொல்வதைக் கீழே போய்ச் சொல்ல வேண்டும், கீழே சொல்வதை மேலே வந்து சொல்ல வேண்டும். ஷெட்டில் இவருக்கு 'தபால்' என்று பெயர். எங்கள் கல்யாணத்தில் சகோதரர்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். "புழுக்கமா இருக்கு, ஃபேனைத் திருப்பணுமான்னு கேளு" என்று மாமனார் சொல்ல, மாப்பிள்ளைக் கோலத்தில் இவர் குனிந்து, "சித்தப்பா, ஃபேனைத் திருப்பணுமா?" என்று கேட்டார். "வேணாம்னு சொல்லு" என்றார் அவர். எந்த வீட்டில் வந்து விழுந்திருக்கிறோம் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. பெண்கள் மட்டும் இதில் சேர்த்தி இல்லை. "அவங்க பேசலைன்னா நாங்க ஏன் வாயைத் தச்சுக்கணும்?" என்பார் சின்ன மாமியார். அவரும் என் மாமியாரும் பேசுகிற பேச்சில் அந்த இரண்டு பேருடைய பாக்கியும் சேர்ந்தே தீர்ந்துவிடும்.

எங்கள் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு நானும் ஆபீசுக்குப் போக ஆரம்பித்தேன். பில் போடுகிற வேலை. என் மேஜை படிக்கட்டின் தலைமாட்டில். போன புதிதில் ஒருநாள் மாமனார் இவரிடம், "உங்க சித்தப்பனுக்குக் கைகால் விழுந்துடுச்சா? நாளைக்குள்ள சரக்கு வரலைன்னா ஷெட்டைப் பூட்டிட்டுத் தூங்கச் சொல்லு" என்றார். டெலிவரி சீட்டு வாங்க நானும் இவர் பின்னாலேயே இறங்கினேன். கீழே போன இவர், "சித்தப்பா, நாளைக்குள்ள முடிஞ்சா நல்லா இருக்கும்னு அப்பா கேக்கறாரு" என்றார். சின்ன மாமனார் தலையைத் தூக்காமல், "அறிவிருந்தா ஆர்டர் எடுக்கறதுக்கு முன்னாடி கேட்டிருப்பாருன்னு சொல்லு" என்றார். மேலே வந்த பதில்: "முடிச்சுடலாம்ங்கறாருப்பா." மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இந்த மத்தளம் இடியை வாங்கிக்கொண்டு தாலாட்டாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமை ஒல்லி பீரோ வந்தபோது போயிற்று. இவர் ஒரு தடவை லாரியோடு டெலிவரிக்குப் போயிருந்தார். புதிதாகக் கட்டிய அடுக்குமாடி. எங்கள் பீரோ லிஃப்டில் நுழையவில்லை. ஆட்கள் படிவழியே முட்டிமோதி ஏற்றினால், படுக்கையறை வாசலில் நுழையவில்லை. அந்த வீட்டுக்காரி, அறைவாசலில் சிக்கி நின்ற பீரோவைப் பார்த்து, "இது என்னங்க, வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி நகரவே மாட்டேங்குது" என்றாளாம். திரும்பி வந்து இவர் ஒரு படம் போட்டார். அகலம் குறைவு, ஆழம் குறைவு, மேல் பாதியும் கீழ் பாதியும் தனித்தனி, உள்ளே கொண்டுபோய் போல்ட் போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். சரியான படம்தான். ஆனால் இவர் அதை என்ன செய்தார் தெரியுமா? மேலே போய், "சித்தப்பா ஒரு படம் போட்டிருக்காருப்பா. ஆனா இதையெல்லாம் உங்கப்பாவுக்கு விக்கத் தெரியாதுங்கறாரு" என்றார். "யாருக்கு விக்கத் தெரியாது? செஞ்சு அனுப்பச் சொல்லு, பாத்துடலாம்" என்றார் மாமனார். கீழே போய், "அப்பா ஒரு படம் போட்டிருக்காரு சித்தப்பா. ஆனா உங்களால முடியாதாம், வெளியில குடுத்துச் செய்யலாமாங்கறாரு" என்றார். சின்ன மாமனார் வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "கொண்டா அதை" என்று பிடுங்கினார். அந்த வாரமே சாம்பிள் வந்தது. அதற்கடுத்த வருடம் நாங்கள் செய்த பீரோவில் பாதிக்கு மேல் ஒல்லி பீரோதான். இன்றைக்குக் கம்பெனி நிற்பது அந்தப் போல்ட்டில்தான்.

படத்தை இரண்டு பேரிடமும் காட்டிய அன்றே, வீட்டுக்குப் போகும் வழியில் நான் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். "பிள்ளையையும் கிள்ளிவிட்டுட்டு தொட்டிலையும் ஆட்டறீங்களே, இது நல்லா இருக்கா?"

"என் யோசனைன்னு நேரா கொண்டுபோய் வச்சா என்ன சொல்வாங்க தெரியுமா? 'முதல்ல போய் லாரி வந்துச்சா பாரு'ம்பாங்க. வீம்புக்குன்னா ரெண்டு பேரும் பறப்பாங்க. எனக்காகன்னா எழுந்து நிக்கக்கூட மாட்டாங்க."

பிறகு பெயின்ட் நிறங்கள், வெளியூர் டீலர்கள், புது அடுப்பு என்று எல்லாமே இதே வழியில்தான் நடந்தன. கம்பெனி மளமளவென்று வளர்ந்தது. இவருக்கு மட்டும் ஆபீசில் ஒரு மேஜைகூட இல்லை. கேட்டதும் இல்லை, யாரும் போட்டதும் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து இவர் திரும்பியபோது உலகமே மாறியிருந்தது. மத்தியானம் சின்ன மாமனார் மூட்டு வலியோடு ஒவ்வொரு படியாக ஏறி மேலே வருவார். மாமனார் தன் மேஜைக்கு எதிரே கைவைத்த நாற்காலி ஒன்றைப் போட்டு வைத்திருந்தார். இரண்டு பேரும் ஒரே டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்கள். சின்ன வயதில் வளர்த்த நாய், வாத்தியாரிடம் வாங்கிய அடி, அப்பாவின் குறட்டை, இதுதான் பேச்சு. சண்டையைப் பற்றி மூச்சு விடவில்லை. புண்ணின் மேல் தோல் மூடியிருக்கிறது, எதற்குச் சொறிய வேண்டும் என்று இருவருமே நினைத்திருக்கலாம். இவருக்கு வேலையே இல்லாமல் போயிற்று. பாவம், மேலே வருவார், இரண்டு பேரையும் பார்ப்பார், கீழே போவார்.

ஒருநாள் சாப்பாடு முடிந்ததும் இவரை உள்ளே கூப்பிட்டார்கள். கதவு திறந்தே இருந்தது; என் மேஜையிலிருந்து எல்லாம் கேட்டது.

"எங்க ரெண்டு பேருக்கும் வயசாச்சு," என்றார் மாமனார். "யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்திருக்கோம். வெளியிலிருந்து ஒரு மேனேஜரைப் போடறோம். பெரிய கம்பெனியில இருந்து ரிட்டையர் ஆனவரு. திங்கக்கிழமை வர்றாரு. அவருதான் இனிமே எல்லாம் பாத்துப்பாரு. நீ அவருக்குக் கூடமாட இரு."

இவர் தலையாட்டினார்.

"உன்னைக் குறை சொல்லலடா. நல்ல பையன்தான் நீ. சொன்னதைச் செய்வே. ஆனா நீயா ஒண்ணை யோசிச்சுச் செஞ்சது இல்லையே. தொழிலுக்கு அது வேணும்ல."

தலையில் பாதி நரைத்தவரைப் பார்த்து நல்ல பையன் என்கிறார். நான் போட்டுக்கொண்டிருந்த பில்லில் நம்பர் தப்பாக விழுந்தது.

"ஒல்லி பீரோன்னு ஒண்ணு தோணிச்சே, அந்த மாதிரி மூளை," என்று அண்ணனைப் பார்த்துக் கை காட்டினார் சின்ன மாமனார்.

"நீ சும்மா இரு, படம் போட்டவன் நீ," என்று சிரித்தார் மாமனார்.

"இப்படித்தான் எப்பவும் விட்டுக்குடுத்துப் பேசுவாரு எங்கண்ணன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பெருந்தன்மைக்காரர் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார்கள். நடுவில் நின்ற இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

காரில் ஏறியதும் ஆரம்பித்தேன். "சொல்லிடுங்க. படம் நான் போட்டதுன்னு சொல்லிடுங்க."

"சொன்னா அதோட நிக்காது. 'அப்ப என்னால முடியாதுன்னு சொன்னது யாரு?'ன்னு சித்தப்பா கேப்பாரு. 'எனக்கு விக்கத் தெரியாதுன்னது யாரு?'ன்னு அப்பா கேப்பாரு. இப்பத்தான் ஒரே டப்பாவுல சாப்பிடறாங்க."

"அதுக்காக எவனோ ஒருத்தனுக்குப் பின்னாடி பையைத் தூக்கிட்டு நிக்கப் போறீங்களா? உங்க கம்பெனிங்க அது. நீங்க கட்டினது."

"ஊமை கண்ட கனவுன்னு வச்சுக்கோ."

"நீங்க ஊமை இல்ல. ரெண்டு பேருக்கும் சேர்த்து நீங்கதானே பேசினீங்க இத்தனை நாளும். ஒரு தடவை உங்களுக்காகப் பேசுங்க."

சொன்னது நான்தான். வீட்டில் வந்தும் விடவில்லை. தட்டு வைக்கும்போது சொன்னேன், துணி மடிக்கும்போது சொன்னேன். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு டப்பாவை மூடும் நேரத்தில், இவர் உள்ளே போய் நாற்காலி எதிலும் உட்காராமல் நின்றார்.

"ஒல்லி பீரோ படம் நான் போட்டது," என்றார்.

மாமனார் சிரித்தார். "சரிடா. மேனேஜர் வந்தா உனக்குக் கௌரவக் குறைச்சல்னு நினைக்காத."

"நான்தான்பா போட்டேன். சித்தப்பா போட்டதுன்னு உங்ககிட்ட சொன்னேன். நீங்க போட்டதுன்னு அவர்கிட்ட சொன்னேன். கலர், டீலர், அடுப்பு எல்லாமே அப்படித்தான்."

சின்ன மாமனார் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "இரு. என்னால முடியாதுன்னு உங்கப்பா சொன்னதா சொன்னியே."

"அப்பா சொல்லல சித்தப்பா."

"அடுப்பு விஷயத்துல, எனக்கு வயசாயிடுச்சு, கண்ணு தெரியலன்னு?"

"அதுவும் அவர் சொல்லல."

மாமனார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். புரிய ஆரம்பித்தது அவருடைய கழுத்தில் தெரிந்தது. நரம்பு புடைத்து வந்தது. தனக்கு விற்கத் தெரியாது என்று தம்பி சொன்னதாக நம்பி, ஊர் ஊராகப் பஸ்ஸில் போய் டீலர் பிடித்த மனுஷன் அவர். எனக்கு உள்ளே போய் இவர் பக்கத்தில் நிற்க வேண்டும் போல் இருந்தது. எழுந்தும்விட்டேன். அப்போது சின்ன மாமனார், யோசித்து யோசித்து, மெதுவாகக் கேட்டார்.

"கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கிட்டு அண்ணன் திரும்ப ஆபீஸ் வந்த சமயம். உன்கிட்ட ஒண்ணு சொல்லி அனுப்பினேன். நான் மேல வரட்டுமான்னு அண்ணன்கிட்ட கேளுன்னு. நீ போயிட்டு வந்து, இப்ப வேணாங்கறாருன்னே."

கீழே பிரஸ் மெஷின் தகட்டை அழுத்தும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"கேட்டியாடா அன்னைக்கு?"

"கேக்கல சித்தப்பா," என்றார் இவர். "புது அடுப்பு பாதியில நின்னுது. நீங்க ரெண்டு பேரும் பேசிட்டா அது நடக்காதுன்னு பயந்துட்டேன். அப்புறம் கேக்கலாம்னு இருந்தேன். கேக்கல."

இது எனக்கும் தெரியாது. இத்தனை வருடம் ஒரே வீட்டில், ஒரே காரில், ஒரே படிக்கட்டில் இருந்திருக்கிறேன். சொல்லு சொல்லு என்று தூண்டிவிட்டது நான். கையைப் பிடித்து நிறுத்தவும் முடியவில்லை, போய்ப் பக்கத்தில் நிற்கவும் மனசு வரவில்லை. இவர் என்னைக் கடந்து படியிறங்கிக் கீழே போனார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாமனார் சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திருப்பித் திருப்பி மூடினார். அது மூடியபடிதான் இருந்தது.

"அவன்கிட்ட சொல்லு," என்றார் தம்பியிடம். "ஷெட் சாவிக்கொத்தை இங்க வச்சிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லு. இனிமே இந்த வாசப்படி மிதிக்க வேண்டாம்னு சொல்லு."

"நீயே சொல்லேண்ணே."

"அவனோட எனக்குப் பேச்சில்ல."

சின்ன மாமனார் நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தார். அந்த வீட்டில் அதிகமாக இழந்தவர் அவர்தான். அண்ணன் வேண்டாம் என்றான் என்று நம்பிக்கொண்டு, தினமும் அந்த அண்ணனின் செருப்புச் சத்தத்தைத் தலைக்கு மேலே கேட்டுக்கொண்டு வேலை செய்தவர். கோபம் யாருக்கு இருக்க வேண்டுமோ இல்லையோ, அவருக்கு இருக்க வேண்டும். ஒன்றுக்குப் பத்தாகச் சேர்த்துக் கொட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, இறங்கினார். பாதியில் ஒரு தடவை நின்றார். மூட்டு வலியா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

கீழே தகடு வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் இவர் நின்றிருந்தார். என்ன சொல்லப்போகிறார்கள் என்று தெரிந்தவர் போல் சாவிக்கொத்தைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தார்.

"அப்பா என்ன சொன்னாரு சித்தப்பா?"

சின்ன மாமனார் மூச்சு வாங்கிக்கொண்டார். "சாவி உன்கிட்டயே இருக்கட்டுமாம். திங்கக்கிழமை எப்பவும் போல வந்து திறக்கச் சொன்னாரு உங்கப்பா."

"அப்பாவா சொன்னாரு?"

"பின்ன நானா சொல்றேன்?"

வேறு யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். இருபது வருடம் இதே தொழிலைச் செய்தவரிடம் சொன்னால் எப்படி? இவர் சித்தப்பாவின் தோளுக்கு மேலாக நிமிர்ந்து, படியின் உச்சியில் நின்ற என்னைப் பார்த்தார். சித்தப்பாவும் திரும்பிப் பார்த்தார்.

"என்னம்மா," என்று உள்ளேயிருந்து மாமனாரின் குரல் வந்தது. "சொல்லிட்டானா தம்பி? என்ன சொல்றானாம் அவன்?"

பிரஸ் மெஷினை யாரோ டீக்காக நிறுத்தினார்கள். நான் என்ன சொன்னாலும் மேலேயும் கேட்கும், கீழேயும் கேட்கும். இவர் கையிலிருந்த சாவிக்கொத்து பைக்குள்ளும் போகவில்லை, சித்தப்பாவின் கைக்கும் போகவில்லை. இரண்டு பேரும் அண்ணாந்து என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.